ஐந்தாம் தேதி ரிப்போர்ட்

பிப்ரவரி 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அக்காவும் பெரிய பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் தங்கச்சியும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ தபாலில் அனுப்பிய உணவு அட்டவணை முந்தாநாள் வந்தது. போனில் அனுப்பியிருந்தால் உன் அக்கா திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாள். காகிதமாக வந்ததால் நான்கு முறை படித்துவிட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டியும் ஆகிவிட்டது. காலையில் கீரைச் சாறு, மத்தியானம் ஒரு கிண்ணம் கீரை, சாயங்காலம் கீரை சூப். மாட்டுக்குக்கூட நடுவில் கொஞ்சம் வைக்கோல் போடுவார்கள் மாப்பிள்ளை. நான் இதைச் சொன்னதும், 'என் தம்பி ஜிம்முக்குப் போய் எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கான், உங்களுக்கு என்ன தெரியும்'னு ஒரு முறை முறைத்தாள். நேற்றிலிருந்து வீட்டில் எங்கே திரும்பினாலும் பச்சைதான்.

உடம்பு போன வருஷத்துக்கு எவ்வளவோ தேவலை. அப்போது எப்படி இருந்தாள் என்று நீயே பார்த்தாய். கழுத்தில் இருக்கிற தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்து, ஆள் துரும்பாக இளைத்து, நெஞ்சு தாறுமாறாகத் துடித்து, ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள். இப்போது தைராய்டை அடக்குகிற மாத்திரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. மத்தியானம் படுத்தால் நன்றாகத் தூங்குகிறாள். வாய் மட்டும் குறையவில்லை.

துடிப்பு சீராக இல்லாததால் நெஞ்சுக்குள்ளேயே ரத்தம் உறைந்து தலைக்கு ஏறிவிடும் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்களே, ரத்தத்தை நீர்த்துப் போகச் செய்வது, அதுவும் தொடர்கிறது. அதற்கு மாதாமாதம் முதல் வியாழக்கிழமை டெஸ்ட். அதில் வருகிற எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனால் உறையும், மூன்றுக்கு மேலே போனால் கசியும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்த டாக்டரும் தேவையில்லை. இருபத்தாறு வருஷமாக அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாய்லர் ஓட்டுகிறவனுக்கு இரண்டு கோட்டுக்கு நடுவே முள்ளை நிறுத்துவதுதானே பிழைப்பு. எங்கள் லாக் புக் மாதிரியே கட்டம் போட்டு ஒரு தாள் தயாரித்து, உன் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். டிசம்பர் 2.4, ஜனவரி 2.5, பிப்ரவரி 2.4. இப்படி ஆடாமல் நிற்கிற பாய்லர் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை என்று உன் அக்காவிடம் சொன்னேன். கரண்டியை எடுத்துக்கொண்டு அடிக்க வந்தாள்.

டாக்டரம்மா வழக்கம்போல ஒன்றைச் சொல்லி அனுப்பினார். 'சாப்பாட்டுல, நடையில, எதை மாத்தினாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்துங்க' என்றார். கீரை சாப்பிடுவதற்கெல்லாமா அனுமதி வாங்குவார்கள்? அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரே குறை, நடை நின்றுவிட்டது. எங்கள் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம் ஆகிறது. நாலு மாடி இறங்கி ஏறினால் கால் வீங்குகிறது என்கிறாள். வராந்தாவில் நடந்து பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாற்பது அடி. பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் கதவைத் திறந்து 'யாரையாவது தேடுறீங்களா'ன்னு கேட்டதிலிருந்து அதையும் விட்டுவிட்டாள்.

குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறாய், மார்பை மூடிக்கொண்டு போ. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அக்காவின் ஆசீர்வாதம் உண்டு. கீரைக்கட்டை அரிந்துகொண்டே சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மாமா

—

ஏப்ரல் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வார்டில் நின்றுகொண்டு பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். உன் அக்கா மேஜையில் உட்கார்ந்து கீரை அரிந்துகொண்டிருந்தாள். கத்தி கீழே விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சில வாரங்களாகவே அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும். அதனால், 'காலைலயே தூக்கமா, நைட்டு டூட்டி நீயா நானா'ன்னு கேலி செய்துவிட்டு முகச்சவரம் செய்யப் போய்விட்டேன். இருபது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் அதே இடத்தில், அதே மாதிரி. கண் திறந்திருந்தது. இடது கையால் கத்தியை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் முழுவதும் போயிருந்தது. வாயும் கோணியிருந்தது.

லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. டைப்பிஸ்டும் அவர் வீட்டுக்காரரும் நானுமாக நாற்காலியோடு நாலு மாடி இறக்கினோம்.

நெஞ்சில் உறைந்த ரத்தம் மூளைக்குப் போய் அடைத்துவிட்டதாம். உள்ளே சேர்த்த அன்று எண் 1.2. டாக்டரம்மா என் தாளை வாங்கிப் பார்த்தார். மார்ச் ஐந்தாம் தேதி 2.4 என்று இருந்தது. 'பதினேழு நாள்ல இவ்வளவு இறங்குமா, சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா'ன்னு கேட்டார். நான் உன் அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். மூன்று வேளையும் கீரையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கீரையில் இருக்கிற சத்து அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்று சொன்னார். தைராய்டும் தேவைக்கு மேல் அடங்கிப் போயிருந்ததாம். அந்தத் தூக்கமும் வீக்கமும் அதனால்தானாம்.

நீ போனில் திரும்பத் திரும்ப 'என் சார்ட்டாலயா மாமா, என் சார்ட்டாலயா'ன்னு கேட்டாய். நீ நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய். உனக்கு என்ன தெரியும்? மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நடந்தது நடந்துவிட்டது.

இப்போது உடனே கிளம்பி வர வேண்டாம். அவள் கொஞ்சம் தேறட்டும். நானே சொல்கிறேன்.

உன் மாமா

—

மே 17

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் பார்த்துவிட்டு வா. லேப் ரிப்போர்ட்தான். உன் அக்கா பெயர், தேதி மார்ச் 5, எண் 1.3. இரண்டு தசம் நான்கு இல்லை. ஒன்று தசம் மூன்று.

முந்தாநாள் தங்கச்சி எனக்கு போன் செய்தாள். நீ சாப்பிடுவதில்லை, ஜிம் பக்கம் போவதில்லை, வேலைக்கே பாதி நாள் போவதில்லை என்றாள். 'அக்காவைக் கெடுத்தது நான்தான், எந்த முகத்தோட போய் நிப்பேன்'னு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாயாம். அவள் அழுதுகொண்டே கேட்டாள், 'அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு'ன்னு. சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை இரண்டு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன் மாப்பிள்ளை. போனில் சொல்ல முடியாது. இரண்டு அறை வீடு, எந்த மூலையில் நின்று பேசினாலும் அவள் காதில் விழும்.

எங்கள் பாய்லர் அறையில் ஒரு பழக்கம் உண்டு. மணிக்கு ஒரு முறை பிரஷரைப் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். முள் காலையிலிருந்து ஆடாமல் நின்றால், ஷிஃப்ட் முடிகிற நேரத்து அவசரத்தில், கடைசி இரண்டு கட்டத்தையும் முன்கூட்டியே நிரப்பிவிடுவோம். நான் மட்டுமில்லை, எல்லோரும் செய்வதுதான். மேலதிகாரிக்கும் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் அது என்னை ஒருமுறைகூடக் கவிழ்த்ததில்லை. தண்ணீர் மட்டத்தை மட்டும் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டோம். அதில் விளையாடினால் கூரையே போய்விடும்.

மார்ச் ஐந்தாம் தேதி காலையில் உன் அக்காவை நாற்காலியில் வைத்துக் கீழே இறக்காத குறையாகக் கூட்டிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ரிப்போர்ட் சாயங்காலம் ஆறு மணிக்கு. என்னோடு வேலை பார்க்கிற ஒல்லி அந்த வாரம் லீவு. இரண்டு ஷிஃப்டும் என் தலையில். லேப் ஏழு மணிக்கு மூடிவிடும், போக முடியாது என்று காலையிலேயே தெரியும். அதனால் வேலைக்குக் கிளம்பும்போதே தாளில் 2.4 என்று எழுதிவிட்டேன். மூன்று மாதமாக ஆடாத முள். நாளைக்கு ரிப்போர்ட்டை வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அதோடு விடவில்லை. மறுநாள் காலையில் டாக்டரம்மாவின் நர்சுக்கு போன் செய்து அந்த எண்ணையே சொன்னேன். 'நல்லாருக்கு, அதே டோஸ் குடுங்க' என்றாள். உன் அக்கா சமையலறையிலிருந்து எவ்வளவு என்று கேட்டாள். 'அதேதான்'னேன். 'பாத்தீங்களா, என் தம்பி சார்ட்டு ஒண்ணும் பண்ணலை'ன்னு சிரித்தாள்.

நாளைக்கு என்பது நாளை மறுநாள் ஆயிற்று. லேப்பிலிருந்து ஆறாம் தேதி இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை நேரத்தில் எங்கள் போனெல்லாம் லாக்கரில் இருக்கும். தெரியாத நம்பர், ஏதோ விளம்பரமாக இருக்கும் என்று நான் திருப்பிக் கூப்பிடவில்லை. அவளை வார்டில் சேர்த்த நாலாவது நாள் லேப்புக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மா ஒரு தட்டிலிருந்து கவரை எடுத்து, 'இவ்வளவு நாளா வரலையே, கீழே போயிருக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டோம்'னாங்க. கவரை அங்கேயே பிரித்தேன். பிறகு எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை.

ஏப்ரலில் உனக்குக் கடிதம் எழுதும்போது இந்தக் கவர் என் சாப்பாட்டுப் பையில் இருந்தது. டாக்டரம்மா கீரையைப் பற்றிக் கேட்டதும் எனக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். 'உனக்கு என்ன தெரியும், மனசைக் குழப்பிக்கொள்ளாதே' என்று உனக்கு ஆறுதல் சொல்கிற சாக்கில் பழியை உன் மடியில் வைத்துவிட்டேன். வர வேண்டாம் என்றதும் அதற்காகத்தான். நீ வந்தால் டாக்டரம்மாவிடம் நாலு கேள்வி கேட்பாய், ரிப்போர்ட்டைக் காட்டு என்பாய் என்று பயம். இதற்குமேல் கேவலமாக ஒரு மனுஷன் நடந்துகொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று டாக்டரம்மாவிடம் கவரைக் கொடுத்துவிட்டேன். தேதியையும் எண்ணையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு விளக்கமாகச் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன், நன்றாகப் படி. தைராய்டு அதிகமாக ஓடும்போது குறைந்த மாத்திரையே ரத்தத்தை நீர்க்க வைக்கப் போதுமாம். தைராய்டு அடங்க அடங்க அதே மாத்திரை போதாமல் போகுமாம். அதற்கு மேல் கீரை சேர்ந்தது. நடையும் நின்றது. 'எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது' என்றார். 'ஆனா எது எப்படி மாறினாலும் காட்டிக்குடுக்கத்தான் அந்த டெஸ்ட். 1.3ன்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா டோஸை ஏத்தியிருப்போம், ஊசி போட்டிருப்போம்.' அப்படிச் செய்திருந்தாலும் இந்த அடைப்பு வந்திருக்கலாமா என்று கேட்டேன். வந்திருக்கலாம் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க நான் இனித் தயாராக இல்லை.

கீரை விஷமில்லை மாப்பிள்ளை. இப்போதும் அவளுக்குக் கீரை உண்டு. தினமும் அரைக் கிண்ணம், கூடாமல் குறையாமல், நானே அளந்து போட்டு மசித்துக் கொடுக்கிறேன். அளவு மாறாமல் இருந்தால் அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்வார்களாம். நீ அனுப்பிய அட்டவணை தப்பென்றால், அதை டாக்டரிடம் காட்டாமல் சுவரில் ஒட்டவிட்டது யார்? நான்தான். ஆகவே நீ தயவுசெய்து சாப்பிடு. கிடங்குக்குப் போ. உன் சார்ட்டையும் ஜிம்மையும் நான் இனிக் கேலி செய்ய மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாப்பிடு.

உன் அக்காவைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வலது கை வரவில்லை. கால் கொஞ்சம் இழுக்கிறது. தொண்டையில் சரியாக இறங்காததால் தண்ணீரைக்கூடப் பொடி கலந்து கூழாக்கிக் கொடுக்கிறோம். ரத்தத்தை நீர்க்க வைக்கிறோம், தண்ணீரைக் கெட்டியாக்குகிறோம், இதுதான் இப்போது எங்கள் வீட்டு வேலை. படுத்தே கிடந்தால் காலிலும் உறையும் என்பதால், காலையில் இருபது முறை, மாலையில் இருபது முறை கணுக்காலை மடக்கி நீட்டுகிறேன். நான் பகல் ஷிஃப்டுக்குப் போகிற நாளில் டைப்பிஸ்டின் மாமியார் வந்து செய்கிறார். எண் இப்போது 2.6. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, இரண்டு முறை படித்த பிறகுதான் எழுதுகிறேன்.

பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'தம்பி', வலித்தாலும் 'தம்பி', உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண்ணையும் 'தம்பி'ன்னுதான் கூப்பிடுகிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே 'சொல்லுங்கக்கா' என்கிறது. வாயில் சிக்கிக்கொண்ட ஒரு வார்த்தை அவ்வளவுதான், அதில் அர்த்தம் தேடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் படித்தவர். நான் முப்பது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரிகிறது. அதில் சந்தேகமே இல்லை. தாளில் எண்ணை எழுதும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் நல்ல கையால் என் கையைத் தட்டிக் கொடுக்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை மாப்பிள்ளை. திட்டினால், எதையாவது எடுத்து எறிந்தால்கூடப் பரவாயில்லை. அவள் என்னை நம்பிக்கொண்டிருக்கிறாள், நான் அவளுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் பக்கத்தில் உட்காருகிறேன். வாய் வரவில்லை. எழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எப்போது என்று யாருக்கும் தெரியாது. அது வருவதற்குள் அவளுக்குத் தெரிய வேண்டும். தெரியாமலேயே அவள் போய்விட்டால் நான் மிச்ச நாளை எப்படித் தள்ளுவேன் என்று எனக்கே தெரியவில்லை. இதிலும் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன், பார்த்தாயா.

நீ கிளம்பி வா. லீவு கேட்டுக்கொண்டிருக்காதே. என் மேல் கை வைக்க வேண்டுமென்றால் வாசலிலேயே வைத்துவிடு, நான் தடுக்க மாட்டேன். ஆனால் உள்ளே வரும்போது முகத்தைக் கழுவிக்கொண்டு, நீ எப்போதும் வருகிற மாதிரி வா. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும். இரண்டு நாள் அவள் உன்னோடு இருக்கட்டும். மூன்றாம் நாள் நான் சொல்லிவிடுகிறேன். கட்டிலுக்கு வலது பக்கம் நான் உட்காருவேன், இடது பக்கம் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். நான் சொல்லி முடித்ததும் அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், திருப்புகிற பக்கம் நீ இருக்க வேண்டும்.

நீயும் தங்கச்சியும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா